கூரையில் ஏற முதல் ஊருக்குள் வாருங்கள்: அறிவியல்நகர் வளாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலுள்ள பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்களின் பீடாதிபதிகளுக்கும், விரிவுரையாளர்களுக்கும், மாணவர் ஒன்றியத்தினருக்கும்,

வணக்கம்.

அறிவியல்நகரில் உங்கள் கட்டடங்களின் கூரைகளில் சூரிய மின்சாரம் பெரிய அளவில் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருவன். இரணைமடுச் சந்திக்கும் முறிகண்டிக்கும் இடையிலுள்ள ஊர்களில் வயரிங் வேலை செய்கிறேன். சில வருடங்களாக வீட்டுக் கூரைகளில் சோலர் பனல் பூட்டும் வேலையும் சேர்ந்து வருகிறது. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் இருக்கிறேன். அதனால் கூரைக்கு மேலே நடப்பதும் தெரியும், கூரைக்குக் கீழே சனம் கதைப்பதும் தெரியும். அப்படியொரு திட்டம் வருகிறபோது சுற்றியிருக்கும் ஊர்கள் உங்கள் பக்கம் நிற்க வேண்டும். அதற்கான வேலையை டெண்டர் கோருவதற்கு முன்பே, வரைபடம் முடிவாவதற்கும் முன்பே தொடங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் கூரை, எங்கள் பில், இதில் ஊரை ஏன் கேட்க வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நாலு கட்டடத்தின் கூரையோடு நின்றுவிடுகிற வேலையென்றால் கேட்கத் தேவையில்லைதான். ஆனால் சூரிய மின்சாரம் கூரையோடு நிற்பதில்லை. கூரை நிறைந்ததும் அடுத்த கதை நிலம். உற்பத்தி கூடியதும் அடுத்த கதை மின்கம்பி. வார இறுதியிலும் விடுமுறையிலும் வளாகம் காலியாக இருக்கும். அப்போது மிஞ்சுகிற மின்சாரம் எங்கள் வீடுகளுக்கும் வருகிற அதே வழியில்தான் வெளியே போகும். ஒரு ட்ரான்ஸ்போமரும் ஒரு கம்பிவழியும் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சோலர் இணைப்புக் கொடுக்க மாட்டார்கள். வளாகம் பெரிய அளவில் போட்டால், நாளைக்குத் தன் வீட்டுக் கூரையில் போட ஆசைப்படுகிற ஆசிரியருக்கோ அரிசி ஆலைக்காரருக்கோ இடம் இருக்குமா என்ற கேள்வி அந்த நிமிடமே எழும். மின்சார சபையோடு நீங்கள் பேசும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்துப் பேசினீர்களா என்று ஊர் கேட்கும். கேட்கிற உரிமை ஊருக்கு இருக்கிறது.

வன்னிச் சனத்துக்கு மின்சாரத்தின் அருமையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தொண்ணூறுகளில் இங்கே கம்பி வழி மின்சாரமே கிடையாது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனபோது ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாக எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். சின்னச் சோலர் பனல் ஒன்றும் பழைய வாகன பற்றரி ஒன்றும் வைத்து ஒரு குழல் விளக்கை எரியவிட்ட வீடுகளும் இருந்தன. இங்கே சூரிய மின்சாரத்தின் மேல் யாருக்கும் வெறுப்பில்லை. உங்கள் பேராசிரியர்களில் பலர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே எங்கள் பெரியவர்கள் பனலை வெயில் பக்கம் திருப்பி வைத்துப் பழகியவர்கள்.

பிறகு லக்சபானா மின்சாரம், அதாவது நாட்டின் பொது மின்கம்பி வழி மின்சாரம், வந்தது. அதற்கும் ஒரு விலை வந்தது. 2022இல் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. அதே வருடம் ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். அதற்குப் பின் இறக்கினார்கள், ஏற்றினார்கள். ஆனாலும் ஒரு மின்விசிறியும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் வைத்திருக்கிற வீடு மாதக் கடைசியில் மீற்றரைப் பார்த்துக் கணக்குப் போடுகிற பழக்கம் போகவில்லை. உங்கள் வளாகத்தின் ஆய்வுகூடங்களுக்கும் விடுதிகளுக்கும் வருகிற பில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எங்களுக்கு ஊகிக்க முடியும். ஆகவே காரணம் விளங்காமல் யாரும் எதிர்க்கப் போவதில்லை.

எதிர்ப்பு வந்தால் அது வேறு இடத்திலிருந்து வரும். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்குமான குடிநீர்த் திட்டம் வந்தது. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது அதன் முக்கிய பாகம். யாழ்ப்பாணத்தில் குடிதண்ணீர்ப் பிரச்சினை இருப்பது உண்மை. அதை இங்குள்ள கமக்காரரும் மறுக்கவில்லை. கோடைகால நெல் விதைப்பான சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாமல் வயலில் ஒரு பங்கை மட்டும் பிரித்து விதைக்கிற நிலையில் இருந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: எங்களுக்கு எவ்வளவு மிஞ்சும்? அந்தக் கேள்விக்குக் குளக்கட்டில் நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள், திட்டம் கையெழுத்தான பின்தான் வந்தார்கள். வருடக்கணக்காக இழுபட்டது. யாழ்ப்பாணத்தாருக்கும் கிளிநொச்சியாருக்கும் இடையில் தேவையில்லாத மனக்கசப்பும் வந்தது. கடைசியில் யாழ்ப்பாணத்துக்கான தண்ணீருக்குத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி, 2024 ஓகஸ்டில்தான் திறந்தார்கள்.

உங்கள் பெயர்ப் பலகையில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. நிற்கிற நிலம் கிளிநொச்சி. அதனால் இந்த நினைவு உங்களையும் தொடும். விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சிக்கு வந்து, யுத்தத்தால் பெயர்ந்து, பிறகு திரும்பி வந்தது என்பதும், எங்களைப் போலவே அலைந்த பீடம் அது என்பதும் எங்களுக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறோம்.

இரணைமடு மட்டுமல்ல. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போன சனத்துக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2019இல்தான் கிடைத்தது. மன்னார் தீவில் 103.5 மெகாவாற் காற்றாலை 2020 கடைசியில் இயங்கத் தொடங்கியது. அடுத்த கட்டக் காற்றாலைகளுக்கு எதிராக 2025இல் அங்கே சனம் இரவும் பகலும் வீதியில் இருந்தது. வெள்ளம் வடியாது, மீன்பாடு குறையும், பறவைகள் வரும் வழி கெடும் என்றார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை போட வந்த பெரிய நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. இவை எல்லாவற்றிலும் சனம் சொன்னது முழுக்கச் சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வடக்கில் மின்சாரத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கமக்காரரின் மனதில் எவையெல்லாம் வரிசையாக வரும் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு வரவேண்டும். கூரையில் கண்ணாடிப் பலகை பூட்டுகிற வேலைக்கும் டீசல் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை என்பது உங்களுக்கு வெளிச்சமாகத் தெரியும். அதை ஒருவர் வந்து, இருந்து, சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

சோலர் பூட்டினால் அந்தப் பக்கம் மழை குறையும், சூடு கூடும், மாட்டுக்குக் கரண்ட் அடிக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள். மழையை நம்பி விதைக்கிறவருக்கு மழையைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைப் பற்றிக் கேட்கத் தோன்றும்? பொறியியல் பீட மாணவர் ஒருவர் வெப்பமானியோடு வந்து, பனலுக்கு அடியிலும் பக்கத்து வெறும் தகரத்துக்கு அடியிலும் சூட்டை அளந்து காட்டட்டும். பனலின் நிழல் விழுந்த கூரைக்குக் கீழே அறை குளிர்கிறது என்பதை நான் பூட்டிய வீட்டுக்காரர்களே சொல்லுவார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

வரும்போது கணக்கோடு வாருங்கள். ஊருக்கு விளங்குகிற கணக்கு. நூறு கிலோவாற் என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் பிடிபடாது. இப்போது சந்தையில் வருகிற 550 வாற் பனல் என்றால் ஏறக்குறைய 180 பனல். ஒவ்வொன்றும் ஒரு கதவை விடப் பெரியது, தூக்க இரண்டு பேர் வேண்டும். எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 500 சதுர மீற்றர் கூரையைப் பிடிக்கும். எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோவாற் பனல் நாளுக்குச் சுமாராக நாலு யூனிட் தரும். ஆகவே நாளுக்கு நானூறு யூனிட், மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம். மாதம் அறுபது யூனிட் பாவிக்கிற வீடு என்றால் இருநூறு வீட்டின் பாவனை. இப்படிச் சொன்னால் பெட்டிக்கடை வாசலில் நிற்கிறவரும் தலையாட்டுவார். மாரியில் குறையும், கோடையில் கூடும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கார்த்திகை மார்கழி முகிலில் ஒரு கிழமை முழுக்கப் பாதிகூட வராத நாட்களை நான் பார்த்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் அது விபரம். பிறகு தெரிந்தால் அது ஏமாற்று.

அடுத்த கேள்வி நிச்சயம் வரும். பல்கலைக்கழகத்தின் பில் குறைந்தால் எங்களுக்கு என்ன? இதற்கு மழுப்பலான பதில் சொல்லாதீர்கள். சூழல் காப்பாற்றப்படும், நாடு முன்னேறும், 2030க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி என்கிற அரசாங்க இலக்குக்குப் பங்களிப்போம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் மலையாளபுரத்திலோ பாரதிபுரத்திலோ இருக்கிற ஒரு தாய்க்கு அது பதிலாகாது. உங்கள் சோலரால் அவருடைய பில் ஒரு ரூபாய்கூடக் குறையப் போவதில்லை. அதை அப்படியே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, வேறு எதைக் கொடுக்க முடியும் என்று எங்களோடு இருந்து யோசியுங்கள். எனக்குத் தோன்றுகிறவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கரண்ட் நின்றால் என்ன நடக்கும் என்பது. சோலர் இருக்கிற இடத்தில் கரண்ட் நிற்காது என்றுதான் இங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பற்றரி இல்லாத சாதாரண சோலர் அப்படி வேலை செய்யாது. வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன், பனலின் மின்சாரத்தைப் பாவனைக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்கிற சபை ஊழியரின் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் நட்ட நடு வெயிலில், கூரை நிறையப் பனலோடு ஒரு கட்டடம் இருண்டு கிடப்பதைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசியுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்ற ஞாயிற்றுக்கிழமை, சோலர் பூட்டிய வீட்டுக்காரர்கள் பலர் எனக்குத் தொலைபேசி எடுத்து, பொருள் பழுதா என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இதைத்தான் விளங்கப்படுத்தினேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. எல்லாக் கட்டடத்துக்கும் பற்றரி வேண்டாம். அது பெரும் காசு. ஒரேயொரு கட்டடத்துக்காவது, வீதிக்குக் கிட்ட இருக்கிற ஒன்றுக்கு, பற்றரியோடு தனித்து இயங்கக்கூடிய இன்வெர்ட்டர் போடுங்கள். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது நாட்டின் எத்தனையோ இடங்களில் கரண்டும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அப்படியான நாளில் ஊர்ச்சனம் வந்து கைத்தொலைபேசியைச் சார்ஜ் போட, நீரிழிவுக்காரரின் இன்சுலினைக் குளிரில் வைக்க, குழந்தைக்கு வெந்நீர் வைக்க ஓர் இடம் வளாகத்தில் இருக்கிறது என்று அறிவியுங்கள். எழுத்தில் கொடுங்கள். கிராம அலுவலரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். நூறு விழிப்புணர்வுக் கூட்டத்தால் வராத ஆதரவு இந்த ஒன்றால் வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது வேலை. பெரிய நிறுவனம் ஒன்று கொழும்பிலிருந்து ஆட்களோடு வரும், எங்கள் பொடியன்களுக்குக் கிடங்கு வெட்டுகிற வேலையும் சாமான் இறக்குகிற வேலையும் கிடைக்கும், இரண்டு மாதத்தில் அவர்கள் போய்விடுவார்கள். இதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது. ஆனால் உங்கள் அயலிலேயே, அதே அறிவியல்நகரில், 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே மின்துறை படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் பொறியியலாளர், அந்தப் பக்கம் தொழில்நுட்பவியலாளர். இருவரையும் ஒரே கூரையில் ஏற்றுங்கள். வேலையெடுக்கிற நிறுவனம் கிளிநொச்சியைச் சேர்ந்த இத்தனை பயிலுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பராமரிப்பை உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அப்புறம் வாய்ச்சொல்லாகக் கேட்டால் நடக்காது.

பராமரிப்பு என்று சொன்னதும் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது என் தொழில். சோளகம் வீசுகிற வைகாசி ஆனி ஆடியில் இங்கே பறக்கிற செம்மண் புழுதி சும்மா புழுதியில்லை. நாங்கள் பனலைப் பத்துப் பாகை அளவில்தான் சரிக்கிறோம். மழை இல்லாத மாதங்களில் புழுதி வழிந்து கீழ்ச் சட்டத்தில் வந்து தங்கும். பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஒரு விரல் அகலத்துக்குச் சேற்றுக் கரை கட்டிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பனல் சுத்தமாகத் தெரியும். அந்தக் கரை கீழ் வரிசைக் கலங்களை மூடிவிட்டால் அதே தொடரிலுள்ள மற்றப் பனல்களின் உற்பத்தியும் சேர்ந்து இறங்கும். காகமும் மயிலும் எச்சமிட்ட இடத்தைக் கழுவாமல் விட்டால் அந்தக் கலம் மட்டும் சூடேறிக் கருகும். மின்சாரத்தைத் துண்டிக்கிற ஐசொலேற்றர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று, பல்லி முட்டை. சித்திரையிலும் ஐப்பசியிலும் விழுகிற இடிக்கு நல்ல எர்த் வேண்டும். எங்கள் நிலமோ கோடையில் கல்லாகக் காய்ந்து, எர்த்தின் பலத்தைப் பாதியாக்கிவிடும். இதெல்லாம் கொழும்பிலிருந்து கைத்தொலைபேசிச் செயலியில் பார்த்துத் திருத்துகிற வேலையல்ல. மாதம் ஒருமுறை ஒருவர் வாளியும் துடைப்பமும் மீற்றரும் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். பனலுக்கு ஆயுள் 25 வருடம் என்கிறார்கள். அந்த 25 வருடமும் கூரையில் ஏறப் போகிறவர்கள் எங்கள் பிள்ளைகளாக இருக்கட்டும். அரச நிறுவனங்களின் கூரைகளில் பூட்டிவிட்டு, இன்வெர்ட்டர் பழுதாகி, திருத்த ஆளில்லாமல் வருடக்கணக்காகக் கிடக்கிற பனல்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வரிசையில் நீங்கள் சேர்ந்துவிடக் கூடாது என்ற கவலையில் சொல்கிறேன்.

மூன்றாவது நிலம். இதில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். கூரை இருக்கிற வரைக்கும் நிலத்துக்கு வராதீர்கள். வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே போடலாம், நடைபாதைக்கு மேலே போடலாம். வடக்குப் பார்த்த கூரைச் சரிவையும் கழித்துவிட வேண்டாம். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரைக்கும் இங்கே சூரியன் உச்சிக்கு வடக்கே போகிறது, சரிவு குறைந்த கூரை என்றால் பெரிதாக நட்டமில்லை. எல்லாம் நிறைந்த பிறகும் போதவில்லை என்றால் நிலம் பற்றிப் பேசுவோம். அப்போது முதலில் மாடு வைத்திருக்கிறவர்களைக் கூப்பிடுங்கள். மேய்ச்சல் தரை இல்லாமல் வன்னியில் மாடு வளர்க்கிறவர்கள் படுகிற பாடு விவசாய பீடத்துக்குத் தெரியாததல்ல. வெறும் காணி என்று வரைபடத்தில் தெரிவது மாடு போய்வருகிற வழியாக இருக்கும். கம்பி வேலி அடித்த அன்று காலையில்தான் அது எல்லோருக்கும் தெரியவரும். பனலை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிப் போட்டு, கீழே ஆடு மேயவோ நிழல் விரும்புகிற பயிர் வளரவோ விடுகிற முறை வெளிநாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. இங்கே எந்தப் பயிருக்கு அது ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க விவசாய பீடத்தை விடத் தகுதியான இடம் எது? கீரையா, இஞ்சியா, புல்லா என்று இரண்டு போகம் செய்து பார்த்து, அதைக் கமக்காரர்களுக்குத் திறந்து காட்டினால் ஊரே வந்து பார்க்கும். மரம் வெட்ட வேண்டி வந்தால் அதையும் மறைக்காதீர்கள். நிற்கிற பாலையையும் வீரையையும் வெட்டிவிட்டுச் சுற்றாடல் தினம் கொண்டாடினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் குடியேற்றங்களில் மலையகத்திலிருந்து கலவரக் காலங்களில் அடிபட்டு வந்த குடும்பங்கள் நிறைய. பலரிடம் காணிக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லை. பேமிற் (அனுமதிப்பத்திரம்) கூடச் சிலருக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. உறுதி இல்லாதவருக்கு வங்கி சோலர் கடன் கொடுக்காது. ஆகவே 2016இலிருந்து வீட்டுக் கூரைச் சோலருக்கு அரசாங்கம் கொடுத்துவந்த சலுகைகளெல்லாம் ஏற்கெனவே நிலமும் வீடும் உள்ளவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. அவர்களும் இப்போது, கூரைச் சோலரிலிருந்து வெளியே போகிற மின்சாரத்துக்குக் கொடுக்கும் விலை 2025இல் குறைந்த பிறகு, யோசிக்கிறார்கள். இந்த நிலையில் வளாகம் பளபளவென்று பனல் போட்டுக்கொள்வதைப் பார்க்கிற வறிய குடும்பத்துக்கு, இதுவும் இருக்கிறவனுக்குத்தான் என்ற எண்ணம் வருவது இயல்பு. காணிப் பிரச்சினையை உங்களால் தீர்க்க முடியாது. ஆனால் அந்த வீடுகளில் ஆபத்தான வயரிங் எத்தனை இருக்கிறது என்று உங்கள் மாணவர்களால் பார்க்க முடியும். கொட்டிலுக்குள் ஒரு கம்பியில் மூன்று இணைப்பு, ட்ரிப் சுவிச் வேலை செய்யாது, எர்த் இல்லை. ஒரு வருடப் படிப்பில் ஒரு கிராமத்தை எடுத்து, வீடு வீடாகப் பார்த்து, எங்களைப் போன்ற வேலைக்காரர்களோடு சேர்ந்து திருத்திக் கொடுக்கட்டும். நான் கூலி கேட்காமல் வருகிறேன். என் தொழிலில் இருக்கிற மற்றவர்களிடமும் பேசுகிறேன்.

மாணவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. தம்பி தங்கச்சிமாரே, உங்களில் எத்தனையோ பேர் எங்கள் வீட்டு அறைகளில் வாடகைக்கு இருக்கிறீர்கள். காலையில் எங்கள் கடையில் ரொட்டி வாங்குகிறீர்கள். ஊரும் வளாகமும் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தை ஊருக்குக் கொண்டுவர உங்களை விடப் பொருத்தமானவர்கள் இல்லை. தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்களும் வரட்டும். தமிழ் தெரியாவிட்டால் கூட்டாளி மொழிபெயர்க்கட்டும். அவர்கள் கூரையில் ஏறி அளவெடுப்பதையும் எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பதையும் பார்க்கிற அம்மாமாருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

எப்படி வருவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளாகத்தின் குளிரூட்டிய மண்டபத்துக்கு எங்களைக் கூப்பிட்டு, திரையில் படம் காட்டி, கையெழுத்து வாங்கி, சிற்றுண்டி கொடுத்து அனுப்புகிற கூட்டம் வேண்டாம். அப்படியான கூட்டங்களில் எங்கள் சனம் வாய் திறக்காது. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். ஊருக்கு வாருங்கள். பொன்நகருக்கு ஒரு நாள், சாந்தபுரத்துக்கு ஒரு நாள். கமக்கார அமைப்புக்குத் தனியாக, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் தனியாக. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார்கள். முதல் கூட்டத்தில் திட்டத்தை விளக்காதீர்கள். கேளுங்கள். மின்சாரத்தால் என்ன கஷ்டம், வளாகத்தோடு என்ன மனத்தாங்கல், எந்த வீதியில் விளக்கு இல்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். இரண்டாம் கூட்டத்துக்கு வரும்போது அவற்றில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பதிலோடு வாருங்கள். முடியாது என்ற பதிலையும் எங்கள் சனம் ஏற்றுக்கொள்ளும். பதிலே இல்லாததைத்தான் ஏற்றுக்கொள்ளாது.

திட்டம் தொடங்கிய பிறகும் தொடர்பு அறக்கூடாது. மாதம் ஒரு தாள் போதும். இந்த மாதம் இத்தனை யூனிட் வந்தது, இவ்வளவு பாவித்தோம், இவ்வளவு வெளியே போனது, இன்ன இன்வெர்ட்டர் இத்தனை நாள் நின்றது என்று எழுதி, சந்தியிலும் சனசமூக நிலையத்திலும் ஒட்டுங்கள். 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் பாவனை குறைந்துபோனதால் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். அப்படி நிறுத்த வேண்டி வந்தால் அதையும் எழுதுங்கள். அந்த வீணாகிற வெயிலில் பண்ணைக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துத் தாங்கியை நிரப்பலாமே என்று யாராவது ஒரு கமக்காரர் வந்து சொல்லக்கூடும். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். ஊர் ஆட்கள் நேரே போய்ப் பேசக்கூடிய, தொலைபேசியை எடுக்கிற, தமிழில் பதில் சொல்கிற ஒருவர். வாயில் காவலாளியைத் தாண்டி எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி வருகிற நிலை இருக்கக் கூடாது.

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. அங்கும் இதே வெயில், இதே புழுதி, இதே சனம். நீங்கள் இங்கே ஒழுங்காகச் செய்தால் அவர்களுக்கும் வழி திறக்கும்.

காலபோக அறுவடை முடிந்து, சிறுபோக விதைப்புக் கூட்டம் தொடங்குவதற்கு இடையில் எங்கள் சனத்துக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும். மாசிக் கடைசி, பங்குனி முற்பகுதி. அந்த நாட்களில் ஒரு ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எங்கள் பொதுநோக்கு மண்டபத்தைத் திறந்து வைக்கச் சங்கத்தில் பேசியிருக்கிறேன். கதிரையும் தேநீரும் எங்கள் பொறுப்பு. ஒலிபெருக்கி தேவையில்லை, மண்டபம் சின்னதுதான். பீடத்திலிருந்து முடிவெடுக்கக்கூடிய ஒருவர் வந்தால் போதும். கூட நாலு மாணவர்களும் ஒரு பனலும் ஒரு மீற்றரும் வந்தால் இன்னும் நல்லது. எந்த ஞாயிறு என்று கிராம அலுவலர் மூலம் ஒரு கிழமைக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். வீடு வீடாகச் சொல்லுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
வளாகத்துக்கு அயலிலுள்ள ஊரொன்றில் வயரிங் வேலை செய்யும் ஒருவன்,
கிளிநொச்சி